இன்டர்வியூ முடிந்த பிறகும் ஒரு கெடு வேண்டும்

பெறுநர்: அமெரிக்க காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும், நீதித்துறைக் குழுக்களின் கீழ் இயங்கும் குடியேற்றத் துணைக்குழுக்களின் உறுப்பினர்கள்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவருக்கு, இன்டர்வியூ நடந்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தன் பகுதி ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி தானே முடிவு செய்யலாம், அல்லது இப்படி இப்படி முடித்துக்கொடு என்று குடியேற்றத் துறைக்கே திருப்பி அனுப்பலாம். இது குடியேற்றம் மற்றும் தேசியச் சட்டத்தின் 336(பி) பிரிவு. உங்கள் சபைகள் எழுதியதுதான். ஆனால் அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு கிரீன் கார்டுக்காக இன்டர்வியூ கொடுத்துவிட்டு வந்தவருக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. நான்கு மாதம் ஆனால் என்ன, நாற்பது மாதம் ஆனால் என்ன, சட்டம் எதுவும் கேட்பதில்லை. அந்த 120 நாளை எங்களுக்கும் கொடுங்கள். கேட்பது அவ்வளவுதான், மீதி எல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வந்து சேரும். தமிழில் வெளியிடுவது, என்னைப்போலக் காத்திருப்பவர்களுக்கு மாமியாராகவோ மைத்துனராகவோ நண்பராகவோ இருக்கிற, ஓட்டுரிமை உள்ள தமிழர்கள் படிக்கட்டும் என்பதற்காக. அவர்கள் சும்மா இருக்கிறவரை நீங்களும் சும்மாதான் இருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லா ஊரிலும் அரசியல் அப்படித்தான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். இன்ஜினியரிங் முடித்து, முதுகலைப் படிப்புக்காக எஃப்-1 மாணவர் விசாவில் வந்து, பிறகு ஓ.பி.டி.யில், அதாவது படிப்பு முடித்த மாணவர்களுக்குச் சில காலம் கிடைக்கும் வேலை அனுமதியில், வேலைக்குச் சேர்ந்தேன். கணவர் நியூ ஜெர்சியிலேயே பிறந்தவர். மாமனாரும் மாமியாரும் எண்பதுகளில் திருச்சியிலிருந்து இங்கே வந்தவர்கள். எங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தியது என் சித்தி. ஜாதகம் பார்த்தார்கள், நாங்களும் பல மாதம் பேசிப் பழகினோம். இதை ஏற்பாட்டுத் திருமணம் என்பதா காதல் திருமணம் என்பதா என்று எங்கள் வீட்டிலேயே இன்னும் முடிவாகவில்லை.

நியூ ஜெர்சியில் திருமண லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டு 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். டவுன் ஹாலில் கையெழுத்துப் போட்டோம். அந்த வாரக் கடைசியில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் தாலி கட்டு. சாப்பாடு கோயில் கேன்டீனில். ஊரைக் கூட்டிச் செய்யும் கல்யாணத்தைத் திருநெல்வேலியில் வைத்துக்கொள்ளலாம், கார்டு வரட்டும் என்றார் அப்பா. அவர் கேட்டு வைத்த மண்டபத்துக்காரர் இப்போது தேதி கேட்பதையே விட்டுவிட்டார்.

விண்ணப்பம் என்பது ஒரு படிவம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். குடிமகனான கணவர் எனக்காகப் போடும் மனு ஐ-130. கிரீன் கார்டு கேட்டு நான் போடுவது ஐ-485. அதோடு வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டணப்படி, காகிதத்தில் அனுப்பினால் முறையே 675, 1,440, 260, 630 டாலர். மொத்தம் 3,005. டாக்டர், வக்கீல் செலவு தனி. இந்த வழக்குகளைக் கையாளும் துறையின் பட்ஜெட்டில் சுமார் 96 சதவீதம் விண்ணப்பதாரர்கள் கட்டும் பணத்திலிருந்தே வருகிறது. எனவே நாங்கள் யாருடைய வரிப்பணத்திலும் கேட்டு நிற்கவில்லை, முன்பணம் கட்டியவர்கள்.

இவற்றைவிடக் கனமான தாள் ஒன்று உண்டு. ஐ-864. என் வருமானம் போதாமல் போனால் தான் தாங்குவேன் என்று கணவர் அரசாங்கத்துக்கு எழுதித்தரும் உறுதிமொழி; அவருடைய வருமானம் வறுமைக்கோட்டின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். நான் குடியுரிமை பெறும்வரை, அல்லது என் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேரும்வரை, அது அவரைக் கட்டும். நாளைக்கே விவாகரத்து ஆனாலும் விடாது. தாலியைவிட இது கெட்டி என்று மாமனார் சொன்னார். மாமியார் சிரிக்கவில்லை.

இனி இன்டர்வியூ. எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள்மேல் எனக்குப் புகாரும் இல்லை. வாசலில் விமான நிலையம் போலவே பெல்ட்டைக் கழற்றி, பையை உருட்டிவிட்டு உள்ளே போனால் ஒரு பெரிய கூடம். ஒவ்வொரு ஜோடியின் மடியிலும் ஒரு தடித்த ஃபைல். கோட்டு போட்ட வக்கீல்கள் காதோடு காதாகக் கடைசிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் கணவருடைய சட்டைக் காலரை மூன்றாவது முறையாகச் சரிசெய்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் கூடமே நிமிர்ந்து பார்க்கும். என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கே புரியவில்லை. கணவர் இடித்துத்தான் எழுந்தேன்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் குடும்பப்பெயர் என்ற வழக்கம் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முழுப்பெயரையும் குடும்பப்பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் தெரியாது என்று எஃப்.என்.யு. என மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். என் முதல் வங்கிக் கணக்கு, முதல் சம்பள ரசீது, முதல் வாடகை ஒப்பந்தம் எல்லாமே அந்த எஃப்.என்.யு. அம்மையார் பெயரில். அதிகாரி மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் மூவரும் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளி மாற்றுச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகக் காட்டி அவருக்குப் புரியவைத்தது கணவர். பிறந்ததிலிருந்து இனிஷியல் போட்ட பெயரே இல்லாத மனிதர் அவர்!

எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, உண்மையே சொல்வேன் என்று சத்தியம் செய்தோம். எப்படி அறிமுகம், யார் முதலில் கல்யாணப் பேச்சை எடுத்தது என்றார். இருவரும் ஒரே நேரத்தில் "சித்தி" என்றோம். அவருக்கு அது பதிவு செய்யும்படியான பதிலாகப் படவில்லை. மண்டியிட்டு மோதிரம் நீட்டிய கதையை எதிர்பார்த்திருப்பார் போல. பிறகு கையைப் பார்த்தார். மோதிரம் இல்லை. நான் தாலிச் சரட்டை வெளியே எடுத்துக் காட்டினேன், மெட்டி போட்டிருக்கும் காலையும் மேசைக்கு வெளியே நீட்டினேன். உங்களுக்கு என்றார் கணவரிடம். எங்களில் ஆண்களுக்கு அடையாளம் எதுவும் இல்லை என்றார் இவர். "வசதியான ஏற்பாடு," என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அன்றைக்கு நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஐ-485-இன் ஆம், இல்லை கேள்விகளை வரிசையாகப் படித்தார். இனப்படுகொலையில் பங்கெடுத்தீர்களா, ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா, கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தீர்களா, அதனோடு எந்த விதத்திலாவது தொடர்பு உண்டா. இல்லை, இல்லை, இல்லை. என் அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவர், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்துக்காரர். மே தினத்தன்று அவர் தோளில் உட்கார்ந்து நான் ஊர்வலம் போன போட்டோ வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அது தொடர்பில் சேருமா என்று முந்தின இரவு வக்கீலுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். நான்கு வயதுக் குழந்தை தோளில் ஏறுவது உறுப்பினர் ஆவதில்லை, தூங்குங்கள் என்று பதில் வந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வங்காளத்திலும் தேர்தலில் நிற்கிற, சில மாநிலங்களில் ஆட்சியிலும் இருந்திருக்கிற, எதிர்க்கட்சியில் உட்கார்கிற, கூட்டணி பேசுகிற சாதாரணக் கட்சி அது. அந்தக் கேள்வியைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம். இப்போது வேண்டாம்.

கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, கார் இன்ஷூரன்ஸ், கரண்ட் பில், போட்டோக்கள் எல்லாவற்றையும் பார்த்தார். சிலவற்றுக்குப் பிரதி எடுத்துக்கொண்டார். கடைசியில், இன்றைக்கு முடிவு சொல்ல முடியாது, தபாலில் வரும் என்றார். கை குலுக்கினார். வெளியே வந்தோம்.

அன்று மாலையே இணையத்தில் வழக்கின் நிலை மாறியது. இன்டர்வியூ முடிந்தது, வழக்கு பரிசீலிக்கப்பட வேண்டும் என்று ஒரு வரி. அப்புறம் ஒன்றுமில்லை. இந்த வரியில் சிக்கியவர்கள் ஒரு தனி ஜாதி. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை, மதியம் ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் இருக்கும்: "வரி மாறிச்சா?" "இல்ல. உனக்கு?" "இல்ல."

சரி, கேட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். கேட்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. துறை இணையத்தில் வெளியிடும் காலக்கணக்கு, 80 சதவீத வழக்குகள் எவ்வளவு காலத்தில் முடிந்தன என்பதைக் காட்டுவது. விண்ணப்பம் கைக்கு வந்த தேதியிலிருந்து அது எண்ணப்படும். விசாரிப்பதற்கென்று துறை குறித்திருக்கும் எல்லையைத் தாண்டிய பிறகே தாமதம் என்று கேட்க வழி திறக்கும். இன்டர்வியூ என்றைக்கு நடந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. நேற்று இன்டர்வியூ முடித்தவரும் போன வருஷம் முடித்தவரும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

உங்களில் ஒருவருடைய தொகுதி அலுவலகத்திலும் முயன்றோம். யாருடையது என்று சொல்லவில்லை. தனியுரிமை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அங்கிருந்த இளைஞர் உண்மையான அக்கறையோடு விசாரித்துச் சொன்னார். வந்த பதில்: வழக்கு நிலுவையில் உள்ளது. அது நிலுவையில் இருப்பதால்தானே வந்தோம் என்று கணவர் கேட்டதற்கு அவர் பாவம், என்ன சொல்வார். கெடு என்று ஒன்று இருந்தால் அவராவது அதைக் காட்டிக் கேட்டிருப்பார்.

காத்திருப்பதில் என்ன கஷ்டம், வீட்டில்தானே இருக்கிறீர்கள், கணவரோடுதானே இருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று வேலை. என் ஓ.பி.டி. காலம் முடிந்துவிட்டது. இப்போது நான் இந்த நாட்டில் இருப்பதற்கு ஒரே பிடிமானம் நிலுவையில் இருக்கும் அந்த விண்ணப்பம். வேலை செய்வதற்கு அதை வைத்து வாங்கிய அனுமதி அட்டை. அந்த அட்டையின் ஆயுளை 2023 செப்டம்பரில் ஐந்து ஆண்டு வரை நீட்டினார்கள். 2025 டிசம்பரில் 18 மாதத்துக்குக் குறைத்துவிட்டார்கள். புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை 540 நாட்கள் வரை தானாகவே செல்லுபடியாகும் என்றிருந்த சலுகையும், 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. முன்பெல்லாம் முடிவு தாமதமானால் மனக்கஷ்டம் மட்டும்தான். இப்போது தாமதம் அட்டையின் கடைசித் தேதியோடு போட்டி போடுகிறது. புது அட்டை வரவில்லையென்றால் மறுநாள் ஹெச்.ஆர்.காரர் மடிக்கணினியைத் திருப்பிக் கேட்பார். அவர்மேல் தப்பில்லை, சட்டப்படி அவர் வேறெதுவும் செய்ய முடியாது.

இரண்டாவது பயணம். பயண அனுமதி கையில் இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்காரர்களுக்கு விலக்கு உண்டு. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இல்லை. என் பயண அனுமதி இன்னும் வரவில்லை. வருகிற வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் அடுத்த முடிச்சுகளைப் போடுவது அவனுடைய அக்காவோ தங்கையோதான். நாத்தனார் முடிச்சு என்பார்கள். தம்பிக்கு நான் ஒரே அக்கா. சாவு, கடும் நோய் என்றால் அலுவலகத்துக்கு நேரில் போய் அவசர அனுமதி கேட்கலாம். கல்யாணத்தைப் பொதுவாக அவசரத்தில் சேர்ப்பதில்லை. பெரியப்பா மகளை நிற்கவைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். தம்பி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். இன்டர்வியூ முடிந்த பிறகும் கெடு இல்லாமல் வைத்திருப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், போலித் திருமணங்கள். போலிகள் உண்டு, மறுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்களால் முதலில் அடிபடுவது எங்களைப் போன்றவர்கள்தான். ஆனால் அதைத் தடுக்க உங்களிடம் ஏற்கெனவே எத்தனை பூட்டு இருக்கிறது என்று பாருங்கள்.

கார்டு ஒப்புதலாகும் நாளில் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் முடிந்திருக்காவிட்டால், கிடைப்பது இரண்டு வருஷ நிபந்தனைக் கார்டுதான். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 போட்டு, இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். அதற்கு 750 டாலர். இதைப் போட்டது 1986-ஆம் ஆண்டின் திருமண மோசடித் திருத்தச் சட்டம். அதே சட்டப்படி, குடியேற்றச் சட்டத்தை ஏய்க்கக் கல்யாணம் செய்தால் ஐந்து வருஷம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஒருமுறை போலி என்று பதிவாகிவிட்டால், பிறகு யாரை உண்மையாகக் கட்டிக்கொண்டாலும் அவர் போடும் மனு ஏற்கப்படாது. ஆயுள் முழுக்கத் தடை. அதுவும் போதாதென்று, மனுவுக்குக் கொடுத்த ஒப்புதலையே பிற்பாடு திரும்பப் பெறும் அதிகாரமும் துறைக்கு இருக்கிறது. 2024 டிசம்பரில் புவார்ஃபா வழக்கில், அப்படித் திரும்பப் பெறுவதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

ஆக, முதல் கதவில் தவறு நடந்தாலும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கதவு இருக்கிறது. அப்படியிருக்க முதல் கதவில் ஒருவரைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதால் புதிதாக என்ன பாதுகாப்பு? நிரூபணத்தின் அளவும் அப்படி ஒன்றும் எட்டாத உயரத்தில் இல்லை. பொய் என்பதைவிட உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என, துறையின் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகமே 2010-இல் முன்னுதாரணத் தீர்ப்பு வெளியிட்டிருக்கிறது. எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்டு, காகிதங்களைப் புரட்டியவருக்கு அந்த அளவுக்கான முடிவை எடுக்க 120 நாள் தாராளம்.

சந்தேகம் இருந்தால் மறுபடி கூப்பிடட்டும். நியூயார்க்கில் 1976-இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டிலிருந்து ஸ்டோக்ஸ் இன்டர்வியூ என்று ஒரு முறை இருக்கிறது. கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில்கள் முரண்பட்டால் விளக்கம் சொல்ல வாய்ப்பு தருவார்கள். வக்கீலும் கூட இருக்கலாம். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் எனக்கு இப்போது அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். மௌனத்துக்கு என்ன பதில் சொல்வது?

1986 சட்டத்தைப் பற்றி இன்னொன்று. அதற்கு முந்தைய வருஷம் செனட் துணைக்குழுவின் முன்னால் அன்றைய குடியேற்றத் துறை ஆணையர் ஆலன் நெல்சன், இப்படிப்பட்ட திருமணங்களில் சுமார் 30 சதவீதம் போலியாக இருக்கலாம் என்ற மதிப்பீட்டை வைத்தார். அந்தப் புள்ளிவிவரம் முறையான ஆய்வில் கிடைத்ததல்ல, நிரூபிக்கப்பட்ட மோசடிகளை எண்ணியதும் அல்ல, சந்தேகப்பட்டவற்றை எண்ணியது என்பது பிறகு மன்வானி வழக்கில் வெளிவந்தது. வட கரோலினாவின் ஃபெடரல் நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பு எழுதிய வழக்கு அது. கோளாறான எண்ணை வைத்துக் கட்டிய சட்டம் நாற்பது வருஷமாக நிற்கிறது. அதை இடிக்கச் சொல்லவில்லை. அதன் வாசலில் ஒரு கடிகாரம் மாட்டச் சொல்கிறேன்.

போலி என்ற பேச்சு அரசாங்கத்தில் மட்டும் இல்லை, நம் ஆட்களிடமும் உண்டு. தமிழில் படிக்கிறவர்களுக்கு இது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டில், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் வரிசை பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. அதனால் வரிசையில் நிற்பவர்களுக்கு எங்களைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கும், புரிகிறது. ஆனால் நவராத்திரிக் கொலுவில் சுண்டலை நீட்டிக்கொண்டே "கார்டுக்காகத்தானே?" என்று சிரித்துக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அதிகாரி அதைவிட மரியாதையாகக் கேட்டார்.

கெடு வைத்தால் ஆபத்து இல்லையா என்று நானே யோசித்துப் பார்த்தேன். 119-ஆம் நாளில் அவசர அவசரமாக மறுத்துவிட்டால்? இது நிஜமான பயம்தான். 2022-இல் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கிரீன் கார்டு மறுப்பின் பின்னால், நடந்தது என்ன என்று அதிகாரிகள் எடுத்த முடிவுகளை ஃபெடரல் நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதால், மறுப்பு வந்தால் ஓடிப்போய் முறையிட இடம் குறைவு. ஆனால் மறுப்புக்குக் காரணம் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஐ-130 மறுக்கப்பட்டால் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். காரணம் தெரிந்தால் குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். எதுவுமே சொல்லாமல் இருப்பதில் இவை ஒன்றும் இல்லை. இன்னொரு தடுப்பும் வைக்கலாம்: காலத்தை மட்டும் காரணமாக வைத்து மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனை முடியவில்லை என்பார்கள். சில வழக்குகளில் உண்மையாக இருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது. 120 நாளில் முடியாவிட்டால், இன்ன வகைக் காரணத்தால் முடியவில்லை, இத்தனாம் தேதிக்குள் மறுபடி தெரிவிப்போம் என்று எழுதட்டும். ரகசியங்களைக் கேட்கவில்லை. எங்கள் காகிதம் குறைகிறதா, அவர்கள் சோதனை பாக்கியா, ஃபைல் வேறு ஊருக்குப் போயிருக்கிறதா என்பதையாவது சொல்லட்டும்.

இப்போதே நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று வக்கீல்கள் சொல்கிறார்கள். உன் கடமையைச் செய் என்று துறைக்கு உத்தரவிடக் கேட்கும் மாண்டமஸ் வழக்கு. நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 1946-இன் நிர்வாக நடைமுறைச் சட்டம் சொல்கிறது என்பது அதன் அடிப்படை. நீதிமன்றக் கட்டணம் 405 டாலர். வக்கீல் கட்டணம் ஆயிரங்களில். நியாயமான காலம் எது என்பதற்கு ஒவ்வொரு நீதிபதியும் ஒவ்வொரு அளவுகோல் வைத்திருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், பல வழக்குகளில் அரசுத் தரப்பு பதில் மனு போடுவதற்கு முன்னாலேயே முடிவு வந்துவிடுகிறது என்று அந்த வக்கீல்களே சொல்கிறார்கள். அப்படியானால் தடை பாதுகாப்புச் சோதனை இல்லை. யாரும் அந்த ஃபைலை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடிந்தவருடைய ஃபைல் மேலே வரும், முடியாதவருடையது அடியில் கிடக்கும் என்பது உங்கள் சட்டம் நினைத்த நியாயமா?

குடியேற்ற விண்ணப்பங்களை 180 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது காங்கிரஸின் கருத்து என்று 2000-ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் எழுதிவைத்தீர்கள். கருத்து என்று எழுதியதால் அது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. இந்த முறை கருத்து சொல்லாதீர்கள், கட்டளை எழுதுங்கள்.

காலம் ஏன் முன்பைவிட முக்கியம் என்பதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. 2025 நவம்பரில் சான் டியேகோவில், இன்டர்வியூவுக்குக் குடிமக்களான கணவரோடும் மனைவியோடும் வந்தவர்களை, விசா காலம் தாண்டித் தங்கியதற்காக அந்த அலுவலகத்திலேயே குடியேற்றக் காவலர்கள் கைது செய்த செய்திகள் வந்தன. முறையாக விசாவில் உள்ளே வந்தவர் குடிமகனைக் கல்யாணம் செய்திருந்தால், காலம் தாண்டித் தங்கியது கிரீன் கார்டுக்குத் தடையாகாது என்பது நீங்கள் எழுதிய 245-ஆம் பிரிவில் பல காலமாக இருக்கிறது. ஒரு கை வா என்று நோட்டீஸ் அனுப்புகிறது, இன்னொரு கை விலங்கோடு நிற்கிறது. அந்தச் செய்திக்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், கணவரை இன்டர்வியூவுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தார். யாருக்கும் தைரியமாகப் பதில் சொல்ல வரவில்லை. எவ்வளவு காலம் நிலுவையில் இருக்கிறாரோ அவ்வளவு காலம் அவர் அந்தப் பயத்துக்குள்தான் இருக்கிறார்.

தாமதத்தில் ஒரே ஒரு லாபம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு வருவதற்குள் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் நிபந்தனை இல்லாத பத்து வருஷக் கார்டு கிடைக்கும். ஐ-751 வேலை மிச்சம். எங்கள் வக்கீல் இதைச் சொல்லித்தான் ஆறுதல்படுத்துகிறார். எனக்கு அந்த லாபம் வேண்டாம். இரண்டு வருஷக் கார்டே போதும், வைகாசிக்கு முன்னால் வரட்டும்.

ஆகவே சட்டத்தில் சேர்க்க வேண்டியது இவ்வளவுதான். குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கான ஐ-485-இல் இன்டர்வியூ நடந்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் எழுத்தில் முடிவு தர வேண்டும். இல்லாவிட்டால் 336(பி)-இல் இருப்பது போலவே நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை வேண்டும். இன்டர்வியூவுக்கும் முடிவுக்கும் இடையே ஆகும் காலத்தை அலுவலகவாரியாகத் துறை வெளியிட வேண்டும். கெடு தாண்டிய வழக்குகளில் வேலை அனுமதியும் பயண அனுமதியும் முடிவு வரும்வரை தானாகவே நீள வேண்டும். இந்தக் கடைசியை மட்டும் முதலில் செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

துணைக்குழுவில் விசாரணை வைத்தால், வழக்கமாக வரும் நிபுணர்களோடு, இன்டர்வியூ எடுக்கும் அதிகாரி ஒருவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடிகளைப் பார்க்கிறார், பார்த்து முடித்த ஃபைலை மறுபடி எடுக்க அவருக்கு எப்போது நேரம் கிடைக்கிறது என்று கேளுங்கள். ஆள் போதவில்லை என்று அவர் சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆள் சேர்க்கப் பணம் ஒதுக்குவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

என் கணவரின் பெயர், முகவரி, தொகுதி எண் மூன்றும் ஆங்கிலப் பிரதியில் இருக்கின்றன. பதிலை அவருக்கே அனுப்புங்கள். ஓட்டு அவருக்குத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நிலுவையில் இருக்கும் ஒரு விண்ணப்பதாரர்,
நியூ ஜெர்சி